சன்னலோரத்துப் புட்டிகள்

தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குக் 'கிருமியக்கா' என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். பரிசோதனைக் கூடத்தில் அவள் ஒருத்திதான். கிருமிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். முதலாளியை நச்சரித்துப் புற ஊதா விளக்கை வாங்க வைத்ததும், தண்ணீரில் அது எவ்வளவு நேரம் பட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

அந்த விளக்கு கிருமியைச் சுடுவதில்லை, விஷம் வைப்பதில்லை. உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தைமின் என்ற இரண்டு கண்ணிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது, அவ்வளவுதான். இழையை நகலெடுக்க வரும் நொதி அந்த இடத்தில் சிக்கி நின்றுவிடும். நகல் இல்லையென்றால் கிருமி பெருகாது. இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் கண்கள் விரியும்.

அந்த விளக்கைத் தாண்டி வந்த தண்ணீரில்தான் கிருமி முளைத்தது. தண்ணீரை ஊற்றிக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் அவளுடைய வளர்ப்புத் தட்டுகள் சில நாள் பளிச்சென்று இருக்கும். சில நாள் கிருமிக் கூட்டங்கள் வெள்ளைப் புள்ளிகளாக அப்பிக் கிடக்கும். விளக்கு விற்றவர்கள் வந்து பார்த்துவிட்டு, விளக்கில் குறையில்லை என்று போய்விட்டார்கள்.

"உன் கையில இருந்துதான் வருதோ என்னமோம்மா. இன்னொரு தடவ புள்ளி வந்தா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி.

அவளுக்குச் சுருக்கென்றது. தோல் உரியும்வரை கையைக் கழுவினாள். மறுநாள் விடுமுறை. காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரரான அவள் கணவர் யாருடைய பையிலோ சிக்கிக்கொண்ட ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்குப் போனார். இங்கேயே உட்கார்ந்து செய்தால் என்னவாம் என்று எரிந்து விழுந்தாள்.

"ஒட்டிக்கிட்ட பல்லப் பிரிக்கணும்னா வெளிச்சம் வேணும்மா" என்றார் அவர்.

அவள் துள்ளி எழுந்த வேகத்தில் டீ டம்ளர் உருண்டது.

கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்து மறந்த சங்கதி அது. பல கிருமிகளுக்குள்ளும் ஒரு தையல்காரர் உண்டு. ஒட்டிய தைமின்களைப் பிரித்து இழையைப் பழையபடி ஆக்கிவிடும் நொதி. அது வேலை செய்யத் தெம்பு கொடுப்பதே வெளிச்சம்தான். அவளோ மேசையில் இடமில்லையென்று மாதிரிப் புட்டிகளைச் சன்னல் விளிம்பில் அடுக்கிவிட்டு, சாப்பிட்டு வந்த பிறகுதான் தட்டில் ஊற்றுவாள். வெயிலடித்த நாளெல்லாம் புள்ளி, மழை நாளெல்லாம் சுத்தம். அடங்கிக் கிடந்த கிருமியை வெயிலில் உட்கார்த்தி இவளே வைத்தியம் பார்த்திருக்கிறாள்.

கணவர் கறுப்புத் துணியில் ஓர் உறை தைத்துக் கொடுத்தார். அடுத்த நாள் ஒரே தண்ணீரை இரண்டு புட்டிகளில் பிடித்து, ஒன்றுக்கு உறை போட்டு, இரண்டையும் அதே சன்னலில் வைத்தாள். வழக்கம்போலச் சாப்பிட்டு வந்த பிறகுதான் எடுத்தாள். தட்டில் ஊற்றி, கிருமி வளர்வதற்கான சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனவளுக்கு இரவெல்லாம் புரண்டு படுத்ததுதான் மிச்சம்.

விடிந்ததும் இரண்டு தட்டுகளையும் ஏந்திக்கொண்டு, கதவைத் தட்டக்கூட மறந்து, முதலாளியின் அறைக்குள் பாய்ந்தாள். உறை போட்டதில் ஒரு புள்ளி இல்லை. மற்றதில் வானத்து நட்சத்திரம் மாதிரி இறைந்து கிடந்தது. மூச்சு வாங்க வாங்க அவள் சொன்னதைக் கேட்டு முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அவள் கை சுத்தம்தான் என்று ஒப்புக்கொண்டார். இனிமேல் இருட்டில் வைத்துச் சோதித்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது என்றார்.

அவளும் தலையாட்டத்தான் இருந்தாள். வெளியே லாரியில் ஏற்றிய புட்டிகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

"கடையிலயும் வெயில்லதான வைப்பாங்க சார். பிரிச்சு முடிக்க முடியாத அளவுக்கு ஒட்டணும், அதுக்கு நான் சொன்ன நேரம் பத்தாது. கை சுத்தம்தான், கணக்குதான் தப்பு. அது நான் போட்ட கணக்கு. லாரிய நிறுத்துங்க."

முதலாளியின் சிரிப்பு நின்றது. எழுந்து சன்னலைத் திறந்து லாரியை நிறுத்தச் சொன்னார்.

"வேற ஆளப் பாக்கறேன்னு சொன்னேன்ல?"

"ஆமா சார்."

"அவன் நான் சொன்னதுக்குத் தலையாட்டிட்டுப் போயிருப்பான். நீ போய்ப் புதுக் கணக்கப் போடும்மா."