அம்மா அணைத்த சுவிட்ச்

எங்கள் வீட்டில் கரண்ட் பில் கட்டியவர் அப்பா. அதற்குப் பயந்தவள் அம்மா. எழுபதுகளின் கடைசியில் புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு யோசித்தால் முதுகில் ஒன்று விழும். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அன்று முழுக்க அர்ச்சனைதான்.

அப்பாவின் பழைய காருக்கு அடிக்கடி பேட்டரி இறங்கிவிடும். பட்டறைக்காரருக்கு அழுது மாளாது என்று சொந்தமாகச் சார்ஜர் வாங்கினார். பேட்டரியைக் கழற்றிச் சமையலறைப் பின்வாசலில் வைத்து விடிய விடியச் சார்ஜ் போடுவார். அது உறுமுவதைக் கேட்கக் கேட்க அம்மாவுக்கு வயிறு எரியும். "ஒங்க காரு ஓட என் வீட்டு கரண்டா?" என்பாள்.

அந்த வாரம் பெரியம்மா கிள்ளான் ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மாவுக்கு ஒரே அக்கா. தாயில்லாத அவளைத் தூக்கி வளர்த்தவர். பயப்பட ஒன்றுமில்லை, நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவரை அழைத்துவருவதற்காகப் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு அப்பா இரவு ஷிப்டுக்குப் போனார். ஏறின வரைக்கும் போதும் என்று அம்மா சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் அப்பா வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, பக்கத்து வீட்டு போனுக்குச் செய்தி வந்தது. பெரியம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதாம், தங்கச்சியைக் கேட்கிறாராம். அப்பா பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். டக், டக் என்றதோடு சரி. அக்கம்பக்கத்தார் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள், எஞ்சின் பிடிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மாவின் கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"நான்தாங்க அணைச்சேன்," என்று அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது பழைய பேட்டரி லா. ராத்திரி பூரா போட்டிருந்தாலும் ஸ்டார்ட் ஆயிருக்காது," என்றார் அப்பா.

சார்ஜ் ஏறியிருந்தால் ஒரே திருப்பில் கிளம்பும் கார் அது. எனக்கே தெரியும், அம்மாவுக்குத் தெரியாதா?

ஓர் இரவு சார்ஜ் போட ஒரு தேத்தண்ணிக் காசுகூட ஆகாது என்று பின்னாளில் கணக்குப் பார்த்தேன். அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அதன்பிறகு அம்மா வீட்டில் எதையும் அணைத்ததில்லை. பட்டப்பகலில் வாசல் விளக்கு எரியும். காலி அறையில் காற்றாடி சுற்றும். பில் ஏறிக்கொண்டே போனது. அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் கட்டினார். வேலை விட்டு வந்ததும் ஒவ்வோர் அறையாகப் போய் அவரே அணைத்தார்.