கப்பலேறாத சலோமி

சலோமி இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது அவளை அடக்கம் செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. வால்பாறையில் விடாத மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனதால் தபாலும் கீழே இறங்கவில்லை. பாதை திறந்த பிறகு வந்த முதல் தபால்கட்டில், அவள் வேலை பார்த்த எஸ்டேட் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரின் கடிதம் இருந்தது. நிமோனியா என்று எழுதியிருந்தார். அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

கடிதத்தோடு, அவளுக்கான நினைவு ஜெபக் கூட்டத்தின் அச்சடித்த அழைப்பும் வந்தது. "மாணவப் பருவத்திலேயே மலேயா சென்று ஊழியம் செய்தவர்" என்று அதில் ஒரு வரி. சலோமி ஒருபோதும் அப்படிச் சொல்லிக்கொண்டவள் அல்ல. பயணத்துக்குத் தேர்வான ஆறு பேரில் அவள் பெயரும் இருந்ததை அறிந்த யாரோ நல்லெண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள். அவளை அறிந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். முழுவதும் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் கோயம்புத்தூரில் ஆசிரியப் பயிற்சி மாணவிகள். அவளுடைய அப்பா ஈரோட்டு மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். என் அப்பா பஞ்சாலையில் கணக்கர். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் நம் ஜனங்களின் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் பாடம் சொல்லிக்கொடுக்கச் சபையின் ஊழியமாக மாணவிகளை அனுப்பப் போகிறார்கள் என்று அறிவித்தபோது, முதலில் கை தூக்கியவள் சலோமி. அவள் தூக்கியதைப் பார்த்துத்தான் நான் தூக்கினேன்.

தயாரிப்புக்கே ஒரு வருஷம் பிடித்தது. பாஸ்போர்ட்டுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு எத்தனையோ முறை நடந்தோம். மலேயாவிலிருந்து திரும்பி வந்து டவுன்ஹால் பக்கம் கடை வைத்திருந்த ஒரு தையற்காரரிடம் மலாய் வார்த்தைகள் கற்றோம். சலோமி அட்டைகளில் படம் வரைந்துகொண்டே இருப்பாள்: பசு, ஏர், கிணறு, தேர். அங்கே பிறந்த பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டார்கள் என்பாள்.

எனக்குப் பஸ்ஸில் போனாலே குமட்டும். கப்பலில் என்ன செய்வேன் என்று அழுதபோது, சலோமி ஒரு சனிக்கிழமை என்னை வால்பாறை பஸ்ஸில் ஏற்றினாள். அவளுடைய மாமா அங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் வாந்தி எடுத்தேன். அவள் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். மேலே போய் இறங்கியதும், "இதுக்கே நீ சாகலியே அம்மணி, கடலு என்ன பண்ணீரும்?" என்றாள்.

ஊழியக் குழுவை அழைத்துப் போனவர் எங்கள் தங்கம் டீச்சர். ரயில் ஈரோட்டில் நின்றபோது சலோமியின் அப்பா பிளாட்பாரத்தில் காத்திருந்தார். புதிய பவானி ஜமக்காளம் ஒன்றை ஜன்னல் வழியே கொடுத்தார். கப்பல் தளத்தில் விரித்து இரண்டு பேரும் படுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு டீச்சரிடம், "புள்ளைய உங்கள நம்பி உட்டுப்போட்டேனுங்க" என்று கும்பிட்டார். அவர்கள் சபையிலிருந்து முப்பது நாற்பது பேர் மாலையோடு வந்திருந்தார்கள். ரயில் நகர்ந்த பிறகும் சலோமி மாலையைக் கழற்றவில்லை.

நாகப்பட்டினத்தில் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் தங்கினோம். மறுநாள் பிற்பகல் கப்பல். காலையில் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பின்கழுத்தில் முடிக்கு அடியில் இரண்டு நீர்க்கொப்புளங்கள். தொட்டால் உடம்பு சுட்டது. அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

"சொல்லிப்போடாத அம்மணி. கப்பல் ஏறிட்டா அப்பறம் எறக்க மாட்டாங்க."

நான் தலையசைத்தேன். பின்னி முடித்தேன். எழுந்து போய் தங்கம் டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

கைக்குழந்தைகளோடு வருகிறவர்கள் கப்பலில் இருப்பார்கள், அவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றுதான் டீச்சரிடம் சொன்னேன். அது சரியான காரணம். ஆனால் என் மனதில் இருந்த காரணம் வேறு. துறைமுகத்து டாக்டர் கண்டுபிடித்தால் ஆறு பேரையும் நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். நான் பயந்தது என் பயணத்துக்காக.

டாக்டர் வந்து பார்த்துச் சின்னம்மை என்றார். மற்ற ஐந்து பேரையும் சோதித்துப் போகலாம் என்றார். சலோமியை ஊர் ஆஸ்பத்திரியில் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவுக்குத் தந்தி வேண்டாம், அத்தனை பேர் மாலை போட்டு அனுப்பினார்கள் என்று அவள் கெஞ்சியதால், டீச்சர் வால்பாறை மாமாவுக்குத் தந்தி அடித்தார். அவர் மலையிறங்கி வந்து சேர நான்கு நாளாகும். ஏற்கெனவே அம்மை வந்து போனவர்கள் யாராவது துணைக்கு இருக்கிறீர்களா, அடுத்த கப்பலில் வந்துவிடலாம் என்று டீச்சர் எங்களைக் கேட்டார். எனக்கு ஏழு வயதிலேயே வந்து போயிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை. தளத்தில் அந்த ஜமக்காளத்தை விரித்து ஒரு பாதியில் படுத்துக்கொண்டேன். மறுபாதியில் யாரையும் படுக்கவிடவும் மனம் வரவில்லை, அதை மடித்து வைக்கவும் முடியவில்லை. பினாங்கு போய்ச் சேரும்வரை அது அப்படியேதான் கிடந்தது.

தோட்டத்தில் அவள் வரைந்த அட்டைகளை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் ஏரைக் காட்டி இது என்ன வண்டி என்று கேட்பார்கள். அவள் இருந்திருந்தால் கதை கதையாகச் சொல்லியிருப்பாள். நான் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுப்பேன். மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. உடம்பு தேறியதும் ஊருக்குப் போகப் பிடிக்காமல் மாமாவோடு மலைக்கு வந்துவிட்டதாகவும், அப்பாவுக்கு எல்லாம் எழுதிவிட்டதாகவும் சொல்லியிருந்தாள். "இங்கேயும் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள்தான். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள். நீ அங்கே செய்வதை நான் இங்கே செய்துகொண்டிருக்கிறேன்." அவ்வளவுதான். என்னைக் குறைசொல்லி ஒரு எழுத்து இல்லை.

திரும்பி வந்ததும் கோயம்புத்தூரில் பெரிய வரவேற்பு. மேடையில் எங்களுக்கு நாற்காலி. நான்தான் குழுவின் சார்பில் பேசினேன். சலோமி கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அவள் பெயரை நான் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவளே என்னிடம் வந்து, நன்றாகப் பேசினாய் என்றாள். தாங்க முடியாமல், டீச்சரிடம் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். தல பின்னி முடிச்சு நீ எந்திரிச்ச வேகத்துலயே தெரிஞ்சுபோச்சு." என் தோளில் கை வைத்துச் சொன்னாள்: "சொன்னதுல தப்பில்ல. ஆனா நீ இருந்திருக்கலாம்."

அதன் பிறகு அவள் வால்பாறைக்கே ஆசிரியையாகப் போய்விட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குக் கல்யாணமாகி, கோயம்புத்தூரிலேயே வேலையும் கிடைத்தது. 'மலேயா போய் வந்த டீச்சர்' என்று என்னைக் கூட்டங்களுக்கு அழைப்பார்கள். அவளிடமிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று கடிதம் வரும்: மழை, பிள்ளைகள், யார் தேறினார்கள், யார் படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள். நான்தான் பதில் எழுதத் தாமதிப்பேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் என் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்தது. எனக்கும் ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் வீட்டுக்காரருக்கு அப்போது பம்பாயில் வேலை. வந்து பார்த்தவருக்கு லீவை நீட்டித்துத் தரவில்லை, திரும்பிப் போய்விட்டார். அம்மா ஏற்கெனவே காலமாகியிருந்தாள். உறவினர்கள் வந்தார்கள், ஆரஞ்சுப் பழம் வைத்தார்கள், கடவுள் சித்தம் என்றார்கள், போனார்கள். ஒரு நாள் கண் விழித்தபோது சலோமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். நான் வரச்சொல்லி எழுதவில்லை.

பதினொரு நாள் இருந்தாள். ஆறுதல் என்று எதுவும் சொல்லவில்லை. பால் ஆற்றிக் கொடுத்தாள், துணி மாற்றிவிட்டாள், நான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது தானும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்காக நீ ஏன் வந்தாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"அந்த நாலு நாளு ஆஸ்பத்திரிச் சொவத்தையே பாத்துட்டுக் கெடந்தேன் அம்மணி. ஒருத்தரும் அப்படிக் கெடக்கக் கூடாது. உனக்குன்னு இல்ல, யாருக்குன்னாலும் வந்திருப்பேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும்.

அவளை அறிந்தவர்களே, சலோமி கப்பல் ஏறவில்லை. அழைப்பில் உள்ள அந்த வரியை அடித்துவிடுங்கள். போகாதவள் என்பதால் அவள் குறைந்தவள் ஆகிவிடவில்லை. போய் வந்தவள் சொல்கிறேன்.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். தெரிந்தவர் யாராவது தனியாகப் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். பழம் வைத்துவிட்டு வந்துவிடுவதில்லை, உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் உடன் வேலை பார்க்கிறவர்களும் இதைச் சொல்லி என்னைப் புகழ்வதுண்டு. போன மாதம் அவள் எழுதிய கடிதத்தில் கடைசி வரியாக, லேசாகக் காய்ச்சல், பாதை மோசமாக இருக்கிறது, மழை விட்டதும் ஒரு நடை வந்துபோ என்று இருந்தது. மழை விடட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.