எட்டுப் பாட்டும் நூர் நிஷாவும்

சுத்தியலை எடுப்பதற்கு முன் நூர் நிஷா தோலை ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துவிடுகிறாள். அப்புறம்தான் பூ அச்சை வைத்து நாலு அடி. காய்ந்த தோலில் பூ சரியாகப் பதியாதாம். கைப்பைக்கு வார் மாற்ற செம்பூரிலிருந்து தாராவியில் ஒரு தோல் பட்டறைக்குப் போயிருந்த நான், வார் தைத்து முடிந்த பிறகும் அரை மணி நேரம் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அடியில் ஒரு தாளம் இருந்தது. கேட்டேன்.

"நான் டிரம்ஸ் வாசிக்கேன்க்கா" என்றாள், பால் வாங்கப் போகிறேன் என்பதைப் போல.

இருபத்து மூன்று வயது. பட்டறைக்காரர் ஜமால் பாயின் ஒரே மகள். என் தோள் உயரம்தான் இருப்பாள். பேச்சு குறைவு, சாப்பாடு அதைவிடக் குறைவு, பேல்பூரி மட்டும் விதிவிலக்கு. ரயிலில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடி, பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்கிறார்களாம். காலேஜில் கூடப் படித்த டெல்மா பாட்டும் கிடாரும், இன்னும் இரண்டு பெண்கள், இவள் டிரம்ஸ். குழுவின் பெயர் 'பிளாட்பாரம் நாலு'. குர்லா ஸ்டேஷனில் அந்தப் பிளாட்பாரத்தில் கூடித்தான் ஒத்திகைக்குப் போவார்கள். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மாட்டுங்கா கச்சேரிகளில் மிருதங்கத்துக்குத் தலையாட்டுகிற ரகம் நான், எனக்கே இது புதிசு.

"வாப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"மொதல்ல பேசவே இல்ல. பெறவு, 'அடிக்கிறதுதானே, இங்கயும் அதத்தான செய்யுத'ன்னுட்டுப் போயிட்டாரு."

இந்த ஜூலையில் அவர்களுடைய முதல் கேசட் பதிவானது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் பிளாஸ்டிக் முகம் அதற்கு முன்பே கிழிந்து போயிருந்தது. வெளிநாட்டுச் சரக்கு, பம்பாய் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. நூர் நிஷாவே ஆட்டுத்தோலை ஊறவைத்து இழுத்துக் கட்டிக் காயவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கு எரியப்போகிற சமயம், பதற்றத்தில், கை பழகிய வேலையைச் செய்துவிட்டது. ஈரத் துணியால் தோலை அழுத்தித் துடைத்துவிட்டாள். டிரம்மில் தோல் நனைந்தால் தொய்ந்துவிடும்.

"மிதிச்சா, மூட்டையத் தூக்கிப் போட்ட மாரி சத்தம் வருது. ஏக்தம், அடியோட செத்துப்போச்சுக்கா."

கேசட் கம்பெனிக்காரர் இதற்காகவே காத்திருந்தவர் போல ஹமீது என்ற வாத்தியக்காரரை வரவழைத்தார். அட்டைப் படத்துக்கு நாலு பெண்கள் போதும், அடிப்பதற்கு ஆள் இருக்கிறது என்றார். நூர் நிஷா ஒரு மணி நேரம் மட்டும் கேட்டாள். கீழே தெருவில் துணி தேய்ப்பவரிடம் கரி கனன்றுகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை இரவல் வாங்கி வந்து, தோலுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றி அனல் காட்டினாள். இன்னும் கொஞ்சம் நெருங்கினால் தோல் வெடித்திருக்கும். எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும். தோல் விறைத்துக்கொண்டது. இரண்டு நாளில் எட்டுப் பாட்டையும் வாசித்து முடித்தாள்.

மூன்றாம் நாள் அதே எட்டையும் ஹமீதுவைத் தன் பிளாஸ்டிக் டிரம்மில் வாசிக்க வைத்தார்கள். எது நன்றாக இருக்கிறதோ அது கேசட்டில் போகும் என்றார்கள். எது போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. எது போனாலும் அட்டையில் இவள் பெயர்தான் வரும்.

"பேரு போடுவாக. அடிச்சது வேற ஆளுன்னா, அந்தப் பேர வச்சுக்கிட்டு நான் என்னக்கா செய்ய?"

அடுத்த ஐந்து வாரமும் என் வீட்டில் நல்ல பை எல்லாம் எனக்குக் கிழிந்ததாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன். "இன்னும் வரலக்கா. நீங்க ஏன் சும்மா காலிபீலி டென்ஷன் ஆகுதீக?" என்று அவள்தான் எனக்குத் தேறுதல் சொன்னாள்.

போன சனிக்கிழமை மத்தியானம், டெல்மா கொடுத்தனுப்பிய கேசட் பிரிக்காமல் பட்டறை மேசைமேல் இருந்தது. அட்டையில் மூன்று பெண்கள் சிரிக்கிறார்கள், ஓரத்தில் ஒருத்தி முறைக்கிறாள். முறைப்பவள் இவள்.

"நீங்க போடுங்கக்கா."

அவசரத்தில் அதை டேப்ரெக்கார்டரில் தலைகீழாகச் செருகினேன். அவளே வாங்கிச் சரியாகப் போட்டாள். ஜமால் பாய் ஆட்களைப் பார்த்து, "எல்லாரும் சுத்தியல வைங்கடே" என்றார்.

கிடார் வந்தது, டெல்மாவின் குரல் வந்தது, டிரம்ஸும் வந்தது. எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. நூர் நிஷா குனிந்தபடி இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு சரணம் முழுக்க முடிந்தது.

"தோலுதான்க்கா. பிளாஸ்டிக்குன்னா சத்தம் டக்குன்னு முறியும். இது உருண்டு வருது பாருங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு இல்லை, அவள் நாடாவை ஓட்டி ஓட்டி ஒவ்வொரு பாட்டாகச் சோதித்தாள். ஆறாவதில் நின்றாள். மறுபடி கேட்டாள்.

"இது ஹமீது பாய். நல்லாத்தான் அடிச்சிருக்காரு."

எட்டாவதும் முடிந்தபோது, "ஏழு என்னுது" என்றாள் வாப்பாவைப் பார்த்து. ஜமால் பாய் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

நூர் நிஷா நாடாவை முதல் பாட்டுக்கே சுற்றினாள். டேப்ரெக்கார்டரை வாசலுக்குத் தூக்கினாள், வயர் எட்டவில்லை. வாசலோரத்தில் வாப்பாவின் தையல் மெஷினுக்குப் போகும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே இதைச் செருகி, ஒரு ஸ்டூலில் வைத்து, அதன் முகத்தைச் சந்துப் பக்கம் திருப்பி, சத்தக் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாள்.