மச்சாளுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு

எங்கள் வீட்டில் ஒரு தலையணை இருக்கிறது. படுக்கிற தலையணை இல்லை, கார் சீட்டில் போட்டு உட்காருகிற தலையணை. பழைய இலவம்பஞ்சை அடைத்து, யன்னல் சீலையில் மிஞ்சிய கிளிப்படத் துணியால் நான்தான் தைத்தேன். மச்சாள், அதாவது என் கணவருடைய அக்கா, ஐந்தடிக்கும் குறைந்த மனுஷி. அந்தத் தலையணை இல்லாமல் உட்கார்ந்தால் முன்னால் போகிற பஸ் அவருக்குத் தெரியாது, எதிரே வருகிறவர்களுக்கு அவரைத் தெரியாது. ஓட்ட ஆளில்லாத கார் ஒன்று வருகிறது என்று வெள்ளவத்தைச் சந்தையடியில் சனம் ஒதுங்கி நின்றதை நானே பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஊசியை எடுத்தேன்.

கார் ஓட்டவேண்டும் என்பது மச்சாளின் சின்ன வயது ஆசை. அவருடைய தகப்பனிடம் ஒரு மொரிஸ் கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைப்பது மச்சாள், ஓட்டப் பழகுவது தம்பிமார். கேட்டால், "பொம்பிளைப் பிள்ளைக்கு ஸ்டியரிங் என்னத்துக்கு? பின்சீட்டில வடிவா ஏறி இருந்தாக் காணும்" என்பாராம் தகப்பன். பிறகு இனக்கலவரத்தில் அந்தக் காரை ஒழுங்கைக்குள் வைத்தே எரித்துவிட்டார்கள். எல்லோரும் அழுதுகொண்டு நிற்க, "என்னை ஒருக்காலும் தொடவிடேல்லை, இப்ப ஆரோ வந்து கொளுத்திப்போட்டுப் போறாங்கள்" என்று மச்சாள் தகப்பனைத்தான் ஏசினாராம். கலியாணம், பள்ளிக்கூட வேலை, புருஷனின் சாவு என்று காலம் போனது. படிப்பிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த கிழமையே வந்து, "மச்சாள், நான் கார் பழகப் போறன். நீர் துணைக்கு வாரும்" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

பழக்கியவர் தெமட்டகொடையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் மாஸ்டர். நல்ல பொறுமைசாலி. நான் பின்சீட்டில் இருப்பேன். வீதிச் சைகைகளை மச்சாளுக்குப் பாடமாக்கிவிட்டதும் நான்தான். எல்லாம் படங்கள், அதற்கு எழுத்தா தெரியவேண்டும்? இந்தப் படம் என்ன, அந்தப் படம் என்ன என்று சமையலறையில் நின்று கேள்வி கேட்டேன். ஆயுள் முழுவதும் மற்றவர்களைக் கேள்வி கேட்ட ரீச்சர் என் முன்னால் முழித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் ஒரு நிமிர்வு வருகிறது.

லைசென்ஸுக்கான முதல் சோதனை எல்லோருக்கும் தெரிந்த கதையாகிவிட்டது. ஓட்டிப் போகும் வழியில் ஒரு சந்தி. சந்தியில் அரசமரம், மரத்தடியில் ஒரு பக்கம் புத்தர், மறுபக்கம் பிள்ளையார். மச்சாளுக்குப் பிள்ளையாரைக் கண்டால் கை நிற்காது. ஸ்டியரிங்கை விட்டு, இரண்டு கையாலும் நெற்றியில் குட்டிக் கும்பிட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த சோதனை அதிகாரி பார்த்துத் தடுத்திருப்பார் என்று நினைப்பீர்கள். அந்த மனுஷன் அதே நேரத்தில் கண்ணை மூடிப் புத்தரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் காரை ஓட்டியது யார் என்று கேட்டால் இரண்டு சாமியில் ஒருவர் என்றுதான் சொல்லவேண்டும். கார் ஒரு செவ்விளநீர்க் குவியலில் போய் மெதுவாக முட்டி நின்றது.

"நீங்களும் கும்பிட்டனீங்கள்தானே?" என்று மச்சாள் சிங்களத்தில் நியாயம் கேட்டாராம். "மம எலவன்னே நே, அம்மே" என்றாராம் அதிகாரி. நான் ஓட்டவில்லையே, அம்மா. பின்சீட்டில் இருந்த மாஸ்டர் வரும் வழியெல்லாம் புலம்பினார். "அக்கா, சாமிக்கு கண்ணால ஒரு சலாம் வெச்சா போதாதா? ரெண்டு கையையும் உட்டா கார் எங்க போற?"

இரண்டாம் முறைக்கு நாள் எடுக்க முன்னர் நோய் வந்தது. இடது மார்பில் கட்டி. வெட்டவேண்டும், பிறகு மருந்து ஏற்றவேண்டும், தலைமயிர் கொட்டும் என்று டொக்டர் பக்குவமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார். மச்சாள் இடது கையைத் தூக்கிக் காட்டி, "டொக்டர், இந்தக் கையால கியர் போடலாமோ?" என்று கேட்டார். டொக்டர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். கை வீங்கும், அதற்கு வேலை கொடுக்கக்கூடாது என்றார் டொக்டர். கட்டி என்றபோது அழாத மனுஷி அப்போதுதான் அழுதார்.

"அக்கா, உங்களுக்கு என்ன குறை? வாசலில திரீவீல் நிக்குது, ஏறி இருந்தால் எங்கையும் கொண்டுபோவான்" என்றார் என் கணவர், ஆறுதலாகத்தான். "அப்பா செத்தும் உன்ர வாயால கதைக்கிறார்" என்றார் மச்சாள்.

வழி சொன்னவர் மாஸ்டர். ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழத்தோடு வந்து, "கியர் இல்லாத கார் ஈக்கி அக்கா. இடது கைக்கு லீவு குடுங்க" என்றார். கியர் போடாதவன் சாரதியே இல்லை என்பது தகப்பனின் கட்சியாம், மச்சாளும் அந்தக் கட்சிதான். "அது விளையாட்டுக் கார்" என்று இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் நான் போனபோது கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் போலப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா கட்டில் கம்பியில் தட்டி, "மருதானை, மருதானை, நகின்ன, நகின்ன!" என்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். முடி இல்லாத தலைகள் எல்லாம் சிரித்தன. தாதி வந்து தட்டைப் பறித்துக்கொண்டு போனாள்.

உடம்பு தேறி, ஓட்டலாம் என்று டொக்டரும் தலையாட்டிய பிறகு, துணியால் தலையைக் கட்டிக்கொண்டு சோதனைக்குப் போனார். அதே சந்தி, அதே அரசமரம், அதே அதிகாரி. மாஸ்டர் பின்சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். மரத்தடி வந்ததும் மச்சாள் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்து, "பிள்ளையாரே, பிறகு வாறன்!" என்று உரத்துக் கத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். கும்பிடக் கை தூக்கிய அதிகாரி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாராம். அந்த முறை பாஸ்.

ஆனால் மச்சாளுக்குப் பயம் பிடித்துவிட்டது. பிள்ளையாரைக் கும்பிடாமல் கடந்தது இந்த உடம்புக்கு நல்லதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் நான் சொன்னேன். "நீங்கள் ஓட்டுங்கோ மச்சாள். கும்பிடுறதை நான் பாத்துக்கொள்ளுறன், உங்களுக்கும் சேத்து." அந்த யோசனை என்னுடையது. படித்த குடும்பத்தில் வேறு ஒருவருக்கும் அது வரவில்லை.

கியர் இல்லாத சின்னக் கார் ஒன்று வாங்கி, முதல் ஓட்டம் எங்கே என்று என்னைக் கேட்டார். "எங்கட தெருவுக்கு" என்றேன். நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். எங்கள் தெருவிலிருந்து காரில் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், காரில் வந்து இறங்கியவர்கள் குறைவு. தலையணையில் மச்சாள், முன்சீட்டில் நான், பின்சீட்டில் தேவாரம் முணுமுணுத்தபடி என் கணவர். பம்பலப்பிட்டிவரை கஷ்டமில்லை. பிள்ளையார் என்றால் மச்சாளுக்கு ஒரு குட்டு, எனக்கு ஒரு குட்டு. மற்றச் சாமிகளுக்கு இரண்டு கும்பிடு. செட்டியார் தெருவுக்குள் வந்ததும்தான் அகப்பட்டேன், அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் கோயில்.

"எனக்குப் போட்டனீரோ?" என்பார் மச்சாள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

"போட்டன், போட்டன்."

"மெல்லமாப் போடாதையும். வருத்தக்காரி நான்."

கொச்சிக்கடையில் அந்தோனியாருக்கும் ஒன்று போடச் சொன்னார். எங்கள் தெருவில் இறங்கும்போது என் நெற்றி சிவந்து கிடந்தது. சனம் வாசலுக்கு வாசல் வந்து நின்று பார்த்தது. நான் அவசரப்படவில்லை. கதவைத் திறந்து, சீலைக் கொசுவத்தைச் சரிசெய்து, ஆறுதலாக இறங்கினேன். மச்சாள் இறங்கவே இல்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினார். டொக்டரிடம் காட்டும் நாட்களைத் தவிர மற்ற நாளெல்லாம் கார் வெளியே போகும். பிறகு நோய் திரும்பி வந்தது, இந்த முறை அது விடவில்லை.

இப்போது அந்தக் காரை என் மகள் ஓட்டுகிறாள். உயரமானவள், தலையணை தேவையில்லை. அது எனக்கு வந்துவிட்டது. முன்சீட்டில் அதைப் போட்டு உட்கார்ந்துதான் போகிறேன். போன கிழமை பம்பலப்பிட்டிக் கோயிலடியில் நான் குட்டியதைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்.

"ஏனம்மா எப்பவும் ரெண்டு தரம்?"

"மற்றது மாமிக்கு."

"மாமி இப்ப நேரில சாமியோடதானே இருப்பா. தானே கும்பிடலாமே."

நான் தலையணையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். "அங்கை ஏதாவது வாகனம் கிடைச்சிருக்கும், பிள்ளை. கும்பிடக் கை ஒழியாது."