சிஸ்டரோடு ஒரு காதல் பாட்டு

அறுபதுகளில் அவர் பாடி இசைத்தட்டாக வந்த பாட்டுகள் மொத்தம் நான்கு. அதில் ஓடியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் மேடையேறிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கிடார் சத்தம், நடுநடுவே ஆங்கில வார்த்தை, இடுப்பை ஆட்டத் தோதான தாளம், இவ்வளவும் இருந்ததால் அதைப் பாப் பாட்டு என்றார்கள். காதலி சிரித்தால் ஐஸ்கிரீம் உருகுகிறது என்பதற்கு மேல் அதில் சமாச்சாரம் கிடையாது. ரேடியோவில் அதை ஓயாமல் போட்டார்களாம். நான் அப்போது பிறக்கவில்லை என்பதால் தப்பித்தேன், தொண்ணூறுகளின் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

கல்யாணமாகிக் கல்பாக்கம் டவுன்ஷிப்புக்கு வந்த புதிது. என் கணவருடன் வேலை பார்த்த ஒருவர் கீபோர்டு வாசிப்பார், ஒரு மெல்லிசைக் குழுவும் நடத்திக்கொண்டிருந்தார். குடியிருப்பு நவராத்திரி விழாவில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு, எங்கள் குழுவுக்கு வருகிறீர்களா என்று வீடு தேடி வந்து கேட்டார். அதுவரை பாடிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாளாம். நானும் தலைகால் புரியாமல் சரி என்றேன். குழுவின் நட்சத்திரம் இந்த ஐஸ்கிரீம் பாட்டுக்காரர்தான் என்று போன பிறகுதான் தெரிந்தது.

ஒத்திகைக்கு அவர் வரமாட்டார். நேரே மேடைக்குத்தான் வருவார். ஜிகினா கோட்டு, வெள்ளை ஷூ, கன்னங்கரேலென்று ஒரு விக். செங்கல்பட்டு வெயிலில் அந்தக் கோட்டுக்குள் வெந்து அவிந்தாலும் கழற்ற மாட்டார். முட்டி தேய்ந்துபோன பிறகும் ட்விஸ்ட் ஆடுவதை விடவில்லை. பாட்டின் நடுவே ஆடிக்கொண்டே கீழே குனிவார். அப்புறம் எழுந்திருக்க முடியாது. டிரம்மர் உருட்டு உருட்டென்று உருட்டி அவர் நிமிரும்வரை மானத்தைக் காப்பாற்றுவார். கூட்டம் அதற்கும் விசிலடிக்கும்.

மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரை ரிசார்ட்டுகளில் சனிக்கிழமை தோறும் எங்களுக்குக் கச்சேரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் மீனை முள் பார்த்துத் தின்பதில் மும்முரமாக இருப்பார்கள், எங்களை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் கடல் காற்று விக்கைத் தூக்கப் பார்த்தது. இவர் சட்டென்று இடது கையால் தலையை அமுக்கிக்கொண்டு, விட்டால் போய்விடுமே என்ற பயத்தில், பாட்டு முழுவதும் கையை எடுக்காமலே ஆடினார். முன்னால் ஒரு மேசையில் இருந்தவர்கள் அதை ஏதோ ஸ்டெப் என்று நினைத்து, தாங்களும் தலையில் கை வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவ்வளவுதான், அன்றிலிருந்து அது அவருடைய ஸ்டைல் ஆகிவிட்டது. பிற்பாடு நாவலூரில் ஒரு ஐடி கம்பெனியின் குடும்ப விழாவில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் தலையில் கை வைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்தபோது, படித்து என்ன பிரயோஜனம் என்றுதான் தோன்றியது.

பொய்யும் கூசாமல் வரும். செங்கல்பட்டில் பாடினால், கொளவாய் ஏரியை ரயிலிலிருந்து பார்த்தபோதுதான் அந்த மெட்டுத் தோன்றியது என்பார். மாமல்லபுரத்தில் அது கடற்கரைக் கோயில் அலைச்சத்தத்தில் பிறக்கும். கூடுவாஞ்சேரியில் பிறக்க ஏரியும் கடலும் தோதுப்படாததால், அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பிறந்தது என்று ஒருமுறை சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். மெட்டுப் போட்டவர் வேறு யாரோ, அவர் எங்கே செத்தாரோ, ஒரு மேடையிலும் இவர் வாயில் அவர் பேர் வந்ததில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தூங்கி வழிகிற கூட்டமானாலும் இரண்டு நிமிஷத்தில் எழுப்பி உட்கார வைத்துவிடுவார். அது எப்படி என்று இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த வயிற்றெரிச்சலும் எனக்கு உண்டு.

அந்தப் பாட்டு ஜோடிப் பாட்டு. பெண்ணின் ஹம்மிங்கில்தான் தொடங்கும். அதற்கு முன் குழுவை அறிமுகப்படுத்துவது அவர் வழக்கம். டிரம்மர் பேரைச் சொல்வார். கிடார்காரர் பேரைச் சொல்வார். மைக் செட் கடைக்காரர் பேரைக்கூட இனிஷியலோடு சொல்வார். கடைசியில் என் பக்கம் கையை நீட்டி, "கூடப் பாடறது நம்ம சிஸ்டர்" என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் என் தோளருகே வந்து, நீ சிரித்தால் ஐஸ்கிரீம் உருகுது என்று ஆரம்பித்துவிடுவார். முன்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். எனக்குக் காதெல்லாம் சுடும். சிஸ்டரோடு காதல் பாட்டுப் பாடுகிறோமே என்று அந்த மனிதருக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை.

எனக்காக மட்டும் என்றால் பேர் சொல்லாததை நான் விட்டிருப்பேன். அப்பாவுக்காகத்தான் விடவில்லை. அப்பாவுக்குக் கருங்குழியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம், நெல்லும் வேர்க்கடலையும்தான் அவருக்குத் தெரிந்த உலகம். மகள் மேடையில் பாடுகிறாள் என்று டீக்கடையில் சொல்லிவைத்திருக்கிறார். அப்படியானால் நோட்டீஸில் பேர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். நோட்டீஸில் பாடகர் பேர் கொட்டை எழுத்தில் இருக்கும், கீழே "மற்றும் குழுவினர்" என்று இருக்கும். அப்பா அந்த வரியில் விரலை வைத்து, "இந்தக் குழுவினர்ல என் பொண்ணும் கீறா" என்றாராம். அங்கே இருந்த ஒருவன் சிரித்துவிட்டு, அப்போ பாய் விரிக்கிறவளா என்று கேட்டிருக்கிறான். அம்மா இதை என்னிடம் சொன்னபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் நேரே பாடகரிடமே போய்க் கேட்டேன். சிஸ்டர் என்று சொல்வதற்குப் பதிலாக என் பேரைச் சொல்லக் கூடாதா என்றேன். கோட்டுக்கு பட்டன் போட்டுக்கொண்டே, "பேரு இன்னாத்துக்கு சிஸ்டர்? ஜனங்க நம்ம மூஞ்சியத்தான பாத்துகினு கீறாங்க" என்றார். நம்ம மூஞ்சி என்றால் அவர் மூஞ்சி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஐந்தாறு வருஷம் கழித்து, காணும் பொங்கலுக்குக் கருங்குழியிலேயே கச்சேரி வந்தது. பாடகரிடம் பேசிவிட்டதாகவும், என் சொந்த ஊர்ப்பக்கம் என்பதால் கட்டாயம் பேர் சொல்லுவார் என்றும் கீபோர்டுக்காரர் எனக்கு உறுதி கொடுத்தார். நம்பி அப்பாவுக்கு போன் போட்டேன். அப்பா ஊர் ஜனத்தை இரண்டு குட்டி யானை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பாய் விரிக்கிறவளா என்று கேட்டவனையும் விடாமல் கூட்டிவந்து முன்வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையாமல் விறைத்து உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாய்வதற்குள் பாடகர் கூட்டத்தைக் கையில் எடுத்துவிட்டார். அந்த மெட்டு அன்றைக்குப் பாலாற்றுப் பாலத்தில் பிறந்தது. டிரம்மர் பேர், கிடார்காரர் பேர், மைக் செட் எல்லாம் முடிந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, என்றுமில்லாமல் குனிந்து ஒரு கும்பிடு போட்டார். இவ்வளவு நாளாகக் கூடப் பாடுகிற தங்கம், இந்த மண்ணின் மகள் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் குரலை உயர்த்தி ஒரு பேரைச் சொன்னார்.

எனக்கு முன்னால் பாடியவள், கோயம்புத்தூருக்குக் கல்யாணமாகிப் போனாளே, அவள் பேர்.

பத்துப் பேர் கைதட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா மேடையில் வேறு பெண் யாராவது இருக்கிறாளா என்று தேடினார். பக்கத்தில் இருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். முன்னிசை ஓடி என் ஹம்மிங் வரவேண்டிய இடத்துக்கு வந்து நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. கீபோர்டுக்காரர் திகைத்துப்போய் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அதே இடம் வந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போனால் போகட்டும், இந்த ஆள் என் பேரைச் சொல்லாமல் ஒரு சத்தம்கூட என்னிடமிருந்து வராது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

மூன்றாவது சுற்றில் அவருக்கு விஷயம் புரிந்தது. இடுப்பை ஆட்டிக்கொண்டே, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே என் காதோரம் வந்தார். மைக்கைத் தாழ்த்தினார், ஆனால் போதுமான அளவுக்குத் தாழ்த்தவில்லை.

"உன் பேரு இன்னா சிஸ்டர்?"

மைதானம் முழுக்க அது கேட்டது. மறந்திருக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தெரிந்துகொள்ளவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அப்பா எழுந்து நின்றார். வரப்பில் நின்று ஆள் கூப்பிடுகிற குரலில், இனிஷியலோடு, என் முழுப் பேரையும் கத்தினார். "என் பொண்ணு" என்றும் சேர்த்துச் சொன்னார்.

வேறொருவராக இருந்தால் கூனிக் குறுகிப் போயிருப்பார். இவர் மைக்கைத் தூக்கிப் பிடித்து, காதில் கையை வைத்துக்கொண்டு, "கேக்கலியே, இன்னொரு தபா" என்றார். எங்கள் ஊர் ஜனம் மொத்தமும் கத்தியது. இன்னொரு தபா என்றார். இந்த முறை முன்பின் தெரியாதவர்களும், பாய் விரிக்கிறவளா என்று கேட்டவனும் சேர்ந்து கத்தினார்கள். இப்படிக் கேட்பதற்காகவே அத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தவர் மாதிரி, என் பேருக்கு விழுந்த கைதட்டலை அவர் குனிந்து குனிந்து வாங்கிக்கொண்டார். அந்த ஆளை அங்கேயே கழுத்தை நெரித்துவிடலாம் போல இருந்தது. அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

சத்தம் அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"ம், ஸ்டார்ட் பண்ணு சிஸ்டர்."

அப்பா இன்னும் உட்காரவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு ஹம்மிங்கை எடுத்தேன்.