கல்லை எடுத்த பிறகும் தொய்யாத பந்தல்

பேயி, ஆவின்னு எவனாவது ஆரம்பிச்சா மொத ஆளா கலாய்க்கிறவன் நான். படிச்சது வேற சிவில் இன்ஜினியரிங். அதனால நீங்க இதைப் படிச்சிட்டுச் சிரிச்சாலும் கோவிச்சுக்க மாட்டேன், ஆனா நடந்தது நடந்ததுதான்.

கம்பத்துக்கிட்ட எங்க திராட்சைத் தோட்டம், பந்தலைத் தாங்குறது பூரா கல்தூணு. அதுல ஒண்ணு மட்டும் நிலத்தைச் சமப்படுத்துறப்ப மண்ணுக்குள்ள கிடந்தது, உசரம் தோதா இருக்கேன்னு அப்பா அப்படியே நட்டுட்டாரு. போன மாசம் தொல்லியல் ஆளுக வந்து பாத்து மிரண்டுட்டாக. தோளு, இடுப்பெல்லாம் செதுக்கியிருக்கு, எழுத்தே இல்லாத காலத்து மனுச உருவமாம். நாங்க அதோட கழுத்துலதான் கம்பி கட்டியிருந்தோம், செம காமெடி.

"லாரி வந்திருச்சு, இன்னைக்கே எடுத்தாகணும்"னு அந்தத் தொல்லியல் ஆளுகள்ல ஒரு மேடம் சொன்னாக.

"ஏலே, பழம் அறுப்புக்கு நிக்குது. கல்லை எடுத்தா பந்தல் உக்காந்துரும், வருசப் பாடு போச்சு"ன்னாரு அப்பா என்னையப் பாத்து.

"ப்பா, ரெண்டு சவுக்குக் கம்பு முட்டுக் குடுத்தா நிக்கும். நான் என்ன சும்மாவா படிச்சேன்?"

"நீ படிச்ச லட்சணம் இப்பத் தெரிஞ்சுரும்லே."

ரெண்டு பக்கமும் முட்டு வச்சு, கம்பியை அவுத்து, செயின் போட்டுக் கல்லை இழுத்து லாரியில ஏத்திட்டோம். லாரி தோட்டத்தைத் தாண்டல, ரெண்டு முட்டும் சாஞ்சு விழுந்துருச்சு. முந்தின நாள் தண்ணி பாய்ச்சின ஈர மண்ணு, எனக்கு அது தோணவே இல்ல. அப்பா தலையில கை வச்சுட்டாரு.

பந்தல் இறங்கல.

நம்பினா நம்புங்க, மட்ட மத்தியானம், அத்தனை குலையும் தொங்குது, கல்லு இருந்த அதே உசரத்துல கம்பி விறைப்பா நிக்குது, கீழ வெறும் குழி. நான் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிப் பாத்தேன். கொஞ்சம் இறங்குச்சு, அப்புறம் என்னையும் சேத்து மெதுவா மேல தூக்குச்சு. கையை விட்டுட்டு ஓடியே போயிட்டேன்.

அதுக்கப்புறம் அப்பா அங்கன முட்டு வைக்க விடல. அந்த வாரமே அறுப்பு முடிஞ்சது, ஒரு குலை வீணாகல. கடைசிக் கூடை வண்டி ஏறுனதும் அப்பா குழிக்கு முன்னாடி போய் நின்னு, கூட வேலை பாத்த ஆளுகிட்டப் பேசுற மாதிரி சொன்னாரு:

"முடிஞ்சுருச்சுய்யா. இறக்கிக்கிடுங்க."

கம்பி பொத்துன்னு விழல. யாரோ பாத்துப் பாத்து இறக்கி வைக்கிற மாதிரி இறங்குச்சு. உடனே என் காதுக்குப் பக்கத்துல, ரொம்ப நேரம் பிடிச்சு வச்சிருந்த மூச்சை ஒரு ஆளு விட்ட சத்தம்.

அப்பா விட்ட மூச்சுன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிறேன். ஆனா அப்பா அப்ப குழிக்கு அந்தப் பக்கம் நின்னாரு.