ஹேமாவதி ஞாயிற்றுக்கிழமை சொன்னது

வடுகபட்டிப் பூண்டு மண்டியில் ஹேமாவதியின் குரல் தெரியாதவர்கள் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் பூண்டுத் தாளை நறுக்கிக்கொண்டே, தெருமுனையில் போகிற ஆளைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவாள். அப்பேர்ப்பட்ட வாயாடிக்குக் காது மந்தமான புருஷன் வாய்த்தது கடவுளின் குசும்பு என்று மண்டியே சிரிக்கும். மாரிசெல்வமும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. யார் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. காது போனவர்கள் பிழைக்கக் கற்றுக்கொள்ளும் முதல் வித்தை அதுதான்.

பிறவிக் கோளாறு இல்லை. தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருபத்து நாலு வருஷம் மெஷின் இரைச்சலுக்கு நடுவில் நின்றதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சுற்றிலும் பஞ்சு மலையாகக் கிடந்த இடத்தில், ரெண்டு உருண்டை எடுத்துக் காதில் வைக்க மனுஷனுக்குச் சோம்பல். நாற்பத்தைந்து வயதில் அதன் பலனை அனுபவித்தார்.

முதல் காது மெஷின் ஒரு முகாமில் கிடைத்தது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற வகை. கொரோனா சமயத்தில் பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க மாஸ்க்கைக் கழற்றினார்; அதன் நாடா மெஷினையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து, ஹேமாவதி கதவைத் திறந்து வாயசைத்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. திரும்ப ஓடிப்போய்க் குப்பையைக்கூடக் கிளறினார். போனது போனதுதான்.

ரெண்டாவது மெஷினைத் திருப்பூரில் வேலை பார்க்கும் மகள் நதியா வாங்கிக்கொடுத்தாள். கொடுக்கும்போதே அதில் ஒரு நூலைக் கோத்து, நூலின் மறுமுனையில் கிளிப் வைத்து, கிளிப்பைச் சட்டைக் காலரில் மாட்டிவிட்டாள். மெஷின் நழுவினாலும் நெஞ்சில் தொங்கும், தரையில் விழாது. ஹேமாவதி தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டாள்.

“காதுல இல்லையா, டப்பால இருக்கணும். டப்பால இல்லையா, காதுல இருக்கணும். மூணாவது எடம்னு ஒண்ணு கெடயாது மாமா.”

சட்டத்தை அவர் மீறவில்லை. குளிக்கப் போனால் டப்பா. ஹெல்மெட் மாட்டினால் டப்பா. படுக்கும்போது டப்பாவில் போட்டு, தெரு நாய் கவ்வாத உயரத்தில் அலமாரியின் மேல்தட்டில் வைப்பார். “காதுல வைக்க வேண்டியத கண்ணுக்குள்ள வச்சுப் பாக்குறாரு எம் புருஷன்” என்று மண்டியில் அவள் கேலி பேசுவாள். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

அப்புறம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. முதலில் குரல் கம்மியது, பிறகு எச்சில் விழுங்கவே வலித்தது. மதுரை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். குரல்வளையை எடுத்தாக வேண்டும். உயிர் நிற்கும், குரல் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து சேர வேண்டும், திங்கள் காலையில் ஆபரேஷன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அவர் காதோரம் குனிந்தாள். “மாமா, பேசுனா வலிக்குது. கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒங்கிட்ட உக்காந்து பேசணும். முப்பது வருசமாச் சொல்லாததெல்லாம் கெடக்கு. அதுவரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

சொன்னபடியே வாயைக் கட்டினாள். மண்டிக்கு வந்தாள், பூண்டு நறுக்கினாள், சைகையில் பதில் சொன்னாள். உடன் வேலை பார்க்கும் பெண்கள் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். மாரிசெல்வம் அந்த ஒரு மத்தியானத்துக்காகவே நாளைத் தள்ளினார். புது பேட்டரி வாங்கி வைத்தார். ஒரு நாளைக்கு நாலு தடவை நூலை இழுத்துப் பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் பலவேசம் செத்துப்போனார். மாரிசெல்வத்தின் பெரியப்பா மகன். ஆண் வாரிசு இல்லாதவர். தம்பி முறைக்கு இவர்தான் மொட்டை போட்டுக் கொள்ளி வைக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லக்கூடிய காரியமா அது? ஹேமாவதியே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

கொள்ளி வைக்கிறவர் சட்டை போட முடியாது. சட்டை இல்லாவிட்டால் காலர் இல்லை. காலர் இல்லாவிட்டால் கிளிப்புக்கு வேலை இல்லை. டப்பா வீட்டில் கழற்றிப்போட்ட சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. ஆற்றங்கரைச் சுடுகாட்டில் நாவிதர் கத்தியோடு காத்திருந்தார். மெஷினைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கொடுத்துவைக்கலாம் என்றால் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. ஆண்களில் பாதிப்பேர் நிதானத்தில் இல்லை. சின்ன வயதிலிருந்து சாவியானாலும் சில்லறையானாலும் வேட்டி முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்கிற கை அது. தன் பாட்டுக்கு அந்தக் கை மெஷினையும் முடிந்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று முடிச்சை ரெண்டு தரம் இறுக்கினார்.

கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. நேரே ஆற்றில் இறங்கி மூன்று முழுக்குப் போட வேண்டும். மூன்றாவது முழுக்கில்தான் அவர் கை இடுப்புக்குப் போனது. முடிச்சு அவிழவே இல்லை. அதற்குள்ளே மெஷின் தொப்பலாக நனைந்து கிடந்தது. அடப் பாவி மனுஷா! தொலையாமல் காப்பாற்றியே பாழாக்கிவிட்டாயே!

ஹேமாவதி கண்ணில் படாமல் துணியால் துடைத்தார், வெயிலில் வைத்தார், அரிசி டின்னுக்குள் புதைத்தார், பேட்டரியை மாற்றினார். சனிக்கிழமை வீடு திரும்பவே இருட்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் கிடையாது. மத்தியானம் வரை அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

ஹேமாவதி தலைக்குக் குளித்து, நல்ல சேலை உடுத்தி, ஒரு சொம்பு வெந்நீரோடு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். காதைக் காட்டிக் கேட்டாள். கேக்குதா என்ற உதட்டசைவு மட்டும் அவருக்குப் புரிந்தது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம். அலமாரியில் நோட்டும் பேனாவும் இருந்தன. எழுதிக் காட்டச் சொல்லியிருக்கலாம். ஆனால் எட்டு நாளாக வாயைக் கட்டிக் குரலைச் சேர்த்து வைத்தவளின் முகத்தைப் பார்த்து, எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. செத்த மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, “நல்லாக் கேக்குது. நீ பேசுத்தா” என்றார்.

அவள் பேசினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். உதடுகள் போன வேகத்துக்கு அவரால் படிக்க முடியவில்லை. நதியாவின் பெயர் ரெண்டு தடவை வந்தது போலிருந்தது. நடுவில் எதையோ சொல்லி அவளே சிரித்தாள்; அவரும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அவள் கண் நிறைந்தது, அவருக்கும் நிறைந்தது. வலி எடுக்கும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு வெந்நீர் குடித்தாள், மறுபடி பேசினாள். கடைசியில் உள்ளங்கையை நீட்டினாள். சத்தியம் கேட்கிறாள் என்பதாவது புரிந்தது. எதற்கென்று தெரியாமலே அடித்துக் கொடுத்தார். அவள் முகம் தெளிந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

திங்கள் காலையில் அவளை உள்ளே கொண்டுபோனதும், திருப்பூரிலிருந்து வந்திருந்த நதியாவை வாசலில் உட்காரவைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த காது மெஷின் கடைக்கு ஓடினார். கடைக்காரர் பிரித்து, உலர்த்தி, எதையோ மாற்றிக் கொடுத்தார். கால் மணி நேர வேலை. காதில் மாட்டியதும் பஸ் ஹாரனும் டீக்கடைப் பாட்டும் மண்டையில் வந்து மோதின. நடுரோட்டில் நின்று அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

எட்டாவது நாள் ஹேமாவதி எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். வார்டில் எல்லார் பேச்சும் அவருக்குக் கேட்டது. அவளிடமிருந்து மூச்சு உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. நோட்டைக் கேட்டு வாங்கி மெதுவாக எழுதினாள்.

“ஞாயித்துக்கெழம சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குல்ல மாமா?”

“இருக்கு ஹேமா. ஒரு வார்த்த விடாம இருக்கு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இனிக் குரல் போனால் போகட்டும் என்கிற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. மாரிசெல்வம் கட்டில் கம்பியில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். அவள், அன்றைக்குத் தான் சொன்னதை நினைத்துத்தான் அழுகிறார் என்று எண்ணி, அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள்.